வாசல் உயரம் ஏழடி ஐந்தே முக்கால் அங்குலம்

அன்பு மகள் முத்துச்செல்விக்கு,

நீ நலமா என்று கேட்டுத் தொடங்க வழியில்லை. அடுத்த அறையில்தான் துணிகளை வெளியே எடுத்துப் போடுவதும் திரும்ப உள்ளே வைப்பதுமாக இருக்கிறாய். உன் அம்மா பருப்புப்பொடி டப்பாவோடு உன் பின்னாலேயே அலைகிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகத்துக்கு வேலைக்குக் கிளம்புகிறாய். பக்கத்தில் இருந்துகொண்டு கடிதம் எதற்கு என்று கேட்பாய். நேரில் சொன்னால் நான் பாதியிலேயே அதட்ட ஆரம்பித்துவிடுவேன், நீ சிரித்துவிடுவாய், சொல்ல வந்தது அங்கேயே நின்றுபோகும். ஐம்பத்தெட்டு வயதில் என்னைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் இது ஒன்றுதான். இன்னொரு காரணமும் இருக்கிறது. இதை உன் கையில் கொடுத்த கையோடு நம் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் போடப்போகிறேன். ஒரு நகலைப் பட்டறைச் சுவரிலும் ஒட்டப்போகிறேன். ஊரறியச் சொன்ன பொய்யை ஊரறியத்தான் திருத்த வேண்டும்.

அந்தப் பொய் உனக்குத் தெரியும். படிப்பு முடிந்ததும் நீ வங்கிப் பரீட்சை எழுத வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். நீயோ தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாய். தினமும் காலையில் ஓட்டப்பிடாரம் வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடிப்பாய். இருட்டின பிறகு துறைமுகத்துத் தூசியோடு வந்து இறங்குவாய். லாரியும் டிரெய்லரும் வந்துபோகிற இடத்தில் என் மகளுக்கு என்ன வேலை என்று எனக்கு ஆத்திரம். கழுகுமலையிலிருந்து உன் அத்தை போனில் கேட்டபோது, "தூத்துக்குடியில பேங்குல இருக்கா" என்று சொல்லிவிட்டேன். அவள் அதைக் குழுவில் போட, இருபது பேர் கைகூப்பும் படம் அனுப்ப, நானும் திருப்பிக் கைகூப்பினேன். மூன்று வருஷம் அந்தப் பொய்யைக் காப்பாற்றினேன். நீ அதைக் கேள்விப்பட்டும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். கேட்காததுதான் குத்தியது.

நீ வீட்டில் அந்த வேலையைப் பற்றிப் பேசாத நாள் கிடையாது. சாப்பிட உட்கார்ந்தால் கன்டெய்னர்தான். இருபதடிப் பெட்டி, நாற்பதடிப் பெட்டி, உயரம் ஒரு அடி கூடின ஹைகியூப், மீனும் பழமும் போகிற குளிர்பெட்டி, கூரைக்குப் பதில் தார்ப்பாய் போட்ட ஓப்பன் டாப், பக்கச் சுவரே இல்லாத பிளாட் ரேக் என்று அடுக்கிக்கொண்டே போவாய். "நாப்பதடிப் பெட்டின்னா இருபதடியப் போல ரெண்டு மடங்கு எடை தாங்கும்னு எல்லாரும் நெனைக்காவ. அது தப்புப்பா. எடை ஏறக்குறைய ஒண்ணுதான் தாங்கும். இருபதடி இரும்புக்கு, நாப்பதடி பஞ்சுக்கு" என்று நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அப்போது நான் சொன்ன பதில் என்ன? "மொதல்ல சோத்தைத் திங்கு." உன் அம்மா மட்டும் ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். எங்களுக்குப் புரியட்டும் என்று நீ ஒரு தாளில் ஒவ்வொரு பெட்டிக்கும் படம் போட்டு, உள் நீளம், உள் அகலம், உள் உயரம் எல்லாம் எழுதி, காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தாய். அழகான எழுத்து. நான் அதை ஒரு நாளும் நின்று படித்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் கென்யாவிலிருந்து ஒரு வியாபாரி நம் மக்காச்சோளம் அடிக்கும் மிஷினைக் கேட்டு வந்தார். கயத்தாறு ரோட்டில் நம் பட்டறை ஆரம்பித்து அப்போது இருபத்தாறு வருஷமாகியிருந்தது. விளாத்திகுளம் முதல் சங்கரன்கோவில் வரை நம் மிஷின் நிற்காத களம் குறைவு. ஆனால் கடல் தாண்டி ஒன்றுகூடப் போனதில்லை. அந்த வருஷம் பட்டறையில் வேலை மெலிந்து, ஆறு பேர் இருந்த இடத்தில் வெல்டர் மாரியப்பனும் இன்னும் இரண்டு பேரும்தான் மிச்சம். வடக்கேயிருந்து வந்த மிஷின்கள் நம்மை ஓரங்கட்டியிருந்தன. வியாபாரி தெளிவாகச் சொல்லிவிட்டார்: அறுவடைக்கு முன்னால் ஒரு மிஷின் வந்து சேர வேண்டும், வேலை பிடித்திருந்தால் மேலும் ஆறு வாங்குவேன், தாமதமானால் வேறு இடம் பார்த்துக்கொள்வேன். அதாவது அந்த ஒரு மிஷின் அந்த ஒரு கப்பலில் ஏறியாக வேண்டும். ஏறாவிட்டால் பட்டறையைச் சாத்திவிட்டு நான் எங்கேயாவது சூப்பர்வைசர் வேலைக்குத்தான் போக வேண்டியிருக்கும். உங்களிடம் இதைச் சொல்லவில்லை, ஆனால் ஷட்டர் கதவுக்குப் புதுப் பூட்டு வாங்கலாமா என்று யோசிக்கும்போதெல்லாம் இந்த நினைப்புத்தான் வந்தது.

நம் மிஷினுக்கு ஒரு தனி லட்சணம் உண்டு. அதற்குக் கரிசக்கால் இருக்கும். வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கிற நம் கரிசல் மண், ஒரு மழைக்கு ஊதிக் குழைந்து, மேலே நிற்கிறதையெல்லாம் சாய்த்துவிடும். அதனால் ஒவ்வொரு மிஷினுக்கும் அடியில் ஒன்பது அங்குலத்தில் நான்கு இரும்புக் கால், ஒவ்வொரு காலுக்கும் கீழே தாம்பாளம் போல அகலமான தகடு. உடம்போடு சேர்த்து வெல்டிங் வைத்துவிடுவோம். கரிசக்கால் இல்லாமல் ஒரு மிஷினும் நம் ஷட்டரைத் தாண்டியதில்லை. அது எனக்கு ஒரு ஜம்பம். கென்யாவுக்குச் செய்ததற்கும் யாரையும் கேட்காமல் கால் வைத்தோம். இங்கே யாரும் காலை ஒரு உறுப்பாக நினைப்பதே இல்லை, மிஷின் என்றால் கால் உண்டு, அவ்வளவுதான்.

கன்டெய்னரை உன் அலுவலகத்தின் வழியாகவே எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. பேங்கில் இருக்கிற மகளிடம் கன்டெய்னர் கேட்பது எப்படி? வேறொரு ஏஜென்டைப் பிடித்து, இருபதடிப் பெட்டியின் உள் உயரம் எவ்வளவு என்று போனில் கேட்டேன். ஏழடி பத்து அங்குலம் என்றார். மேலேயுள்ள தொட்டியைக் கழற்றிய பிறகு, காலோடு சேர்த்து நம் மிஷின் ஏழடி ஒன்பது அங்குலம். ஒரு அங்குலம் மிச்சம். கச்சிதமாக அமைந்துவிட்டது என்று நான் மீசையைத் தடவிக்கொண்டேன். ஏஜென்ட் மேல் ஒரு குற்றமும் இல்லை. நான் கேட்டதற்கு அவர் சரியாகத்தான் பதில் சொன்னார். கேட்க வேண்டியதைக் கேட்காதது நான்.

மிஷினை ஏற்றும் நாளன்று காலை எட்டு மணிக்குப் பெட்டியோடு டிரெய்லர் வந்தது. பெட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, கிரேனால் மிஷினைத் தூக்கிப் பெட்டியின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியபோது மணி பத்து. மிஷினின் தலை மேல்சட்டத்தில் போய் டங்கென்று இடித்தது. கிரேன்காரர் இறக்கி மறுபடி தூக்கினார். மறுபடியும் டங்கென்றது. மாரியப்பன் ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

"மொதலாளி, உள்ள போயிட்டா நல்லா நிக்கும். உள்ளதான் போவ மாட்டேங்கு" என்றார்.

பெட்டியின் உள் உயரம் வேறு, வாசல் உயரம் வேறு. கதவுக்கு மேலே ஒரு தடித்த இரும்புச் சட்டம் இருக்கிறது. அது கொஞ்சம் உயரத்தை விழுங்கிவிடும். இது எனக்கு அந்த நிமிஷம் வரை தெரியாது. டிரெய்லர் டிரைவர் பீடியை அணைத்துவிட்டு, "அண்ணாச்சி, ஆறு மணிக்குள்ள துறைமுகம் கேட்டுக்குள்ள போயாவணும். அதுக்கு மேல இந்தக் கப்பல் கெடையாது" என்றார். சட்டையெல்லாம் நனைந்துவிட்டது எனக்கு. இரும்புக் கடைப் பட்டியலில் மறுபடி ஒரு அளவைப் பார்க்கலாம் என்று சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தேன். எடுத்த தாளின் மறுபக்கத்தில் படம் படமாகப் பெட்டி. நீ சுவரில் ஒட்டியிருந்த தாள்தான். முந்தின வாரம் பட்டியல் எழுத வேறு காகிதம் கிடைக்காமல் அதைக் கிழித்து எடுத்திருந்தேன். இருபதடிப் பெட்டியின் படத்துக்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தாய்: வாசல் உயரம் ஏழடி ஐந்தே முக்கால் அங்குலம், உள் உயரத்தை நம்பி ஏமாறாதீர்கள். ஒரு வாரமாக என் நெஞ்சுக்கு மேலேயே அது இருந்திருக்கிறது. இதை நான் இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

சோறு கொண்டுவந்த உன் அம்மா நிலைமையைப் பார்த்தாள். "அவாகிட்ட ஒரு வார்த்தை கேட்டா உங்க தலை தாழ்ந்துருமோ? நீங்க கேக்க வேண்டாம், நான் கேக்கேன்" என்று சொல்லி அங்கே நின்றபடியே உனக்குப் போன் போட்டாள். பன்னிரண்டரைக்கு நீ வந்து இறங்கினாய். என்னை ஒரு பார்வை பார்த்தாய். ஒரு குத்தல், ஒரு முணுமுணுப்பு, எதுவும் இல்லை. நேராக மாரியப்பனிடம் போய், "எத்தனை அங்குலம் கூடுதுண்ணே?" என்று கேட்டாய். மூன்றேகால் என்றார்.

"ஓப்பன் டாப் எடுத்துருவோம். மேல தொறந்து கிரேன்ல எறக்கிரலாம்" என்றேன் நான், தெரிந்தவன் போல.

"அது இன்னைக்குக் கெடைக்காதுப்பா. நாளைக்கழிச்சுதான் வரும்."

"உசரம் கூடின பெட்டி சொன்னியே."

"ஹைகியூப் நாப்பதடியிலதான் லேசாக் கெடைக்கும். அந்த வண்டி நம்ம தண்ணித் தொட்டி முக்குல திரும்பாது." நீ குனிந்து மிஷினின் அடியைப் பார்த்தாய். நிமிர்ந்து, "காலை வெட்டுங்க" என்றாய்.

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. "ஏட்டி, என்ன பேசுதன்னு தெரிஞ்சுதான் பேசுதியா? கரிசக்கால் இல்லாம இங்கன இருந்து ஒரு மிஷின் போனது கெடையாது. ஆபீஸ்ல உக்காந்து எழுதுத உனக்கு இரும்பைப் பத்தி என்ன தெரியும்?" என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன். நீ அசையவில்லை.

"அவிய ஊரு மண்ணு என்ன மண்ணுன்னு கேட்டீங்களாப்பா?"

"கேக்கல."

"எனக்கும் தெரியாது. அதனால காலைத் தூரப் போட வேண்டாம். வெட்டி, அதே பெட்டிக்குள்ள கூடவே அனுப்புவோம். வேணும்னா அவிய மாட்டிக்கிடட்டும். இப்ப மிஷின் வாசலைத் தாண்டணும். அது மட்டும்தான் இன்னைக்கு வேலை."

மாரியப்பன் என் முகத்தைப் பார்த்தார். கேஸ் கட்டரைக் கையில் எடுத்துக்கொண்டே பார்த்தார், அதாவது அவர் உன் கட்சிக்குப் போய்விட்டார். நான் வெட்டச் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை, திரும்பி நின்றுகொண்டேன். ஒவ்வொரு காலாக விழும் சத்தம் கேட்டது. நான்காவது சத்தம் வந்ததும் திரும்பினேன். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக நம் மிஷினைக் கால் இல்லாமல் பார்த்தேன். ஏழடிதான். அடியில் இரண்டு அங்குல உருளைக் குழாய் கொடுத்துத் தள்ளினார்கள். மேலே மூன்றே முக்கால் அங்குலம் இடைவெளியோடு வாசலுக்குள் போனது. உள்ளே போனதும் இன்னொரு பிரச்சினை. மிஷினின் அகலம் ஆறடி, பெட்டியின் உள் அகலம் ஏழடி எட்டு. இரண்டு பக்கமும் பத்துப் பத்து அங்குலம் காலி. கடலில் கப்பல் ஆடினால் மிஷின் போய்ச் சுவரில் மோதும். முட்டுக் கொடுக்க மாரியப்பன் மரக்கட்டை எடுத்து வந்தார். "மரம் வேண்டாம்ணே. பூச்சி மருந்து முத்திரை இல்லாத மரத்தை அங்கன எறக்க விட மாட்டாவ" என்ற நீ, கீழே கிடந்த கரிசக்கால்களைப் பார்த்தாய். ஒன்பது அங்குலக் கால், நுனியில் ஒரு அங்குலத்துக்குப் பழைய டயர் ரப்பர். பக்கத்துக்கு இரண்டாக வைத்து அடித்தபோது ஏதோ அதற்கென்றே செய்ததைப் போல உட்கார்ந்தன. முன்னும் பின்னும் பெல்ட் போட்டு வளையங்களில் இழுத்துக் கட்டினீர்கள். கிரேன்காரர் கைதட்டினார். எனக்கும் தட்டத் தோன்றியது. தட்டவில்லை, அது என் புத்தி.

மூன்றேகாலுக்கு சீல் வைத்து வண்டி கிளம்பியது. நீயும் நானும் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டோம். தூத்துக்குடியை நெருங்கியதும் ரோட்டோர யார்டுகளில் பெட்டிகள் நான்கைந்து அடுக்காக நின்றன. நீ கையை நீட்டி, "அந்தா வெள்ளையா இருக்குல்லா, அது குளிர்பெட்டி. பக்கத்துல தார்ப்பாய் போட்டது ஓப்பன் டாப். எந்த தேசத்துப் பெட்டின்னாலும் மூலையில இருக்க ஓட்டை மட்டும் ஒரே அளவுப்பா. அதனாலதான் எந்த ஊர் கிரேனும் எந்தப் பெட்டியையும் தூக்குது" என்று சொல்லிக்கொண்டே வந்தாய். எட்டு மாதம் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் நீ சொன்ன அதே விஷயம்தான். அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன். ஐந்தரைக்குக் கேட்டில் நின்றோம். தாள்களில் ஏதோ ஒரு எண் இடிக்கிறது என்றார்கள். நீ இறங்கிப் போய்ப் பேசினாய். அங்கேயிருந்த பெரிய மனிதர் ஒருவர் எழுந்து, "வாங்க மேடம்" என்றார். ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வண்டி உள்ளே போனது. எனக்குப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த முன்பின் தெரியாத ஒருவரிடம், "எம் மக" என்றேன். அவர் கேட்கவே இல்லை. நானாகத்தான் சொன்னேன். அந்த நிமிஷம் எனக்கு இருந்த பெருமையை அளக்க என்னிடம் டேப் இல்லை.

மீதியை ஊரே அறியும், ஆனாலும் ஒரு தடவை சொல்லி ஆசையைத் தீர்த்துக்கொள்கிறேன். மிஷின் அறுவடைக்குப் பதினைந்து நாள் முன்னால் போய்ச் சேர்ந்தது. பிறகு ஒரு படம் வந்தது. கென்யா வியாபாரியின் களம். தரை கறுப்பு. கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. அது எட்டையபுரம் பக்கம் எடுத்த படம் என்று சொன்னால் நம்பியிருப்பேன். மழை பெய்தால் மிஷின் சாயுமே, பெட்டியில் முட்டுக்கு வந்த நான்கு கால்களை எப்படிப் பொருத்துவது என்று அவர் கேட்டிருந்தார். அன்று நான் பட்டறையில் ஆடாத குறைதான். கரிசக்கால் வேண்டும் என்று நான் சொன்னதும் சரி, அதை வெட்ட வேண்டும் என்று நீ சொன்னதும் சரி. இரண்டு சரியும் சேர்ந்து அந்த ஆறு மிஷினுக்கான ஆர்டரையும் வாங்கிக் கொடுத்தது, அதன்பின் இன்னும் பலவற்றையும். இன்று பட்டறையில் பதினோரு பேர். இருபதடிப் பெட்டிக்கு இரண்டு மிஷினாகப் போகிறது. நம் கரிசக்கால் எல்லாம் இப்போது போல்ட்டில்தான், கழற்றலாம், மாட்டலாம். வெல்டிங்கில் கால் வைக்க இந்தக் கையால் இனி யாருக்கும் அனுமதி கிடையாது.

நீ இப்போது போகிற வேலையில், ஒரு கப்பலில் எந்தப் பெட்டி எங்கே உட்கார வேண்டும் என்று நீ சொல்வாயாம். ஆயிரக்கணக்கான பெட்டி. உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி குறைவு. இருந்தாலும் அப்பனாயிற்றே, மூன்றே விஷயம். பெரிய ஊருக்குப் போகிறோம் என்பதற்காக இரண்டு மடங்கு பாரம் தூக்கிக் காட்டாதே. நாற்பதடியைப் பற்றி நீ சொன்னதை நீயே மறந்துவிடாதே. தெரியாததைக் கேட்க உன் அப்பனைப் போல வெட்கப்படாதே. அங்கே நடக்கும் தப்பில் பாதி, கேட்காததால் நடப்பதாகத்தான் இருக்கும். அங்கே வாழ நம் ஊர்ப் பழக்கம் எதையாவது கழற்ற வேண்டி வந்தால் தயங்காமல் கழற்று, உன் அம்மாவையும் என்னையும் நினைத்துக் குற்றவுணர்ச்சி வேண்டாம். கழற்றியதைத் தூரப் போடாமல் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொள். ஆட்டம் வரும்போது முட்டுக் கொடுக்க உதவும்.

நேற்று உன் அத்தை கழுகுமலையிலிருந்து போன் பண்ணினாள். "பேங்குல வெளிநாட்டுக்கே மாத்திட்டாவளாடா?" என்று கேட்டாள். "பேங்கு இல்லக்கா. எம் மக பேங்குல இருந்ததே இல்ல. நான் பொய் சொன்னேன். அவா கப்பல்காரி" என்றேன். "அதைச் சொல்லதுக்கு உனக்கு மூணு வருசமா?" என்றாள். அக்கா, ஆமாம். இதைக் குழுவில் நீயும் படிப்பாய், நீயும் மன்னித்துக்கொள்.

முத்து, நீ அம்மாவோடு கடைக்குப் போயிருந்த நேரத்தில் உன் பெரிய பெட்டியை டேப் வைத்து அளந்தேன். பிறகு வெளியே போய், ஞாயிற்றுக்கிழமை வரப்போகிற காரைப் போல ஒன்று தெருமுனையில் நின்றதால், அதன் பின்பக்கத்தைத் திறக்கச் சொல்லி உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்தேன். டிரைவர், "போதுமா அண்ணாச்சி?" என்று மூடப் போனார். கொஞ்சம் பொறு என்று சொல்லி, பின்பக்கத்தின் வாயையும் அளந்தேன்.

தாராளமாகப் போகும்.

உன் அப்பா